ஆறு லிட்டர் அறுநூறு

மூங்கில்பள்ளத்திலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் முப்பத்தேழு கிலோமீட்டர் கல் உண்டு, முப்பத்தேழுக்கும் வருஷம் ஒருமுறை வெள்ளையடித்து, தலையில் கறுப்புப் பூசி, எண் எழுதியவன் நான், சாலைப் பணியாளாக முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தேன். மூன்றாம் கல் மட்டும் தன் இடத்தில் இல்லை. அங்கே பாறை இருந்ததால் நாற்பது மீட்டர் தள்ளி நட்டுவிட்டார்கள், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது, என்றாலும் அந்த நாற்பது மீட்டரை ஒருநாளும் மறந்ததில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். வகுத்தல் கணக்கு ஐந்தாவதுக்குள் வந்துவிட்டது, அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவும் இல்லை. சடையப்பன் என்ற பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊரில் கல்லு மாமா என்பார்கள்.

வீரலட்சுமியின் பிக்கப் வண்டியை அளக்க என்னைக் கூப்பிட்டதும் கல்லால்தான். பத்தொன்பது வருஷ வண்டி அது, வெள்ளையாக வந்து சோளத்தட்டை நிறத்துக்குப் போயிருந்தது, கிலோமீட்டர் காட்டும் எண் என்றைக்கோ நின்று துருப்பிடித்துவிட்டது. அவள் புருஷன் திருப்பூர் சாயப்பட்டறையில் இருந்தான். வண்டியில் பாதி அவன் தம்பி ரத்தினவேலுக்குச் சொந்தம், ஓட்டுவது முழுக்க அவள். மலைவாழைத் தார்களைக் கீழே இறக்கிக்கொண்டு போவாள், அரிசி, உரம், கதவு நிலை, எது கிடைத்ததோ அதை மேலே ஏற்றிக்கொண்டு வருவாள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டிவிடும் ஆண்பிள்ளை ஓட்டுநர்களைப் பார்த்து அவள் சிரிப்பாள். இரண்டாம் கியரில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும், நிறைசூலியைக் கைப்பிடித்துப் படியிறக்குவதுபோல அந்த வண்டியை அவள் இறக்குவாள், முப்பத்தோரு வருஷம் ரோட்டோரம் நின்று வண்டி பார்த்த நான் சொல்கிறேன், அவளைப்போல் இன்னொருவர் இறக்கிப் பார்த்ததில்லை.

ரத்தினவேல், வண்டி டீசலைக் குடித்தே நம்மைக் குடித்துவிடும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான். லிட்டருக்குப் பத்துக்குக் கீழே ஓடினால் போட்டுவிடு, மேலே ஓடினால் வாயை மூடு என்றாள் வீரலட்சுமி. இரண்டு பேரும் நம்பும் ஆள் ஊரில் நான் ஒருவன்தான் இருந்தேன், எந்த எண்ணையும் முழுசாக்கிச் சொல்வதில்லை என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அளப்பது லேசான காரியம் இல்லை. பெட்ரோல் பங்க், முப்பத்தேழாம் கல்லுக்கு எதிரே இருந்தது. தரை சாய்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் டேங்க் பொய் சொல்லும் என்பதால், இடதுபக்க முன்சக்கரம் வந்து நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். குழாய் தானே அடைத்துக்கொண்டதும் போதும் என்று எடுத்துவிடக் கூடாது, வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து மூன்று தடவை குலுக்கி, நுரை அடங்கவிட்டு, மறுபடி விட்டு, என் ஆள்காட்டி விரலின் முதல் கணு டீசலில் நனையும்வரை நிரப்ப வேண்டும். பிறகு மேலே முப்பத்தேழு, கீழே முப்பத்தேழு, ஒவ்வொரு கல்லையும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணி, அதே கோட்டில், அதே குழாயில், அதே விரலில் திரும்ப நிரப்ப வேண்டும். பங்கில் டீசல் போடும் ஆரோக்கியம் முதல் நாள் என்னைப் பைத்தியம் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். அன்று எண்பது தார் ஏற்றி வந்தோம். ஆறு லிட்டர் அறுநூறு மில்லி பிடித்தது. போகவர எழுபத்து நான்கு கிலோமீட்டரை அதால் வகுத்தால் லிட்டருக்குப் பதினொன்று புள்ளி இரண்டு. ரத்தினவேல் வாயை மூடினான், வண்டி பிழைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்தையும் நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன்.

அதற்குப் பதினாறாம் நாள் ரத்தினவேலின் மனைவி சிந்தாமணிக்கு இடுப்புவலி எடுத்தது. நோட்டில் தொடர்ச்சி விடக் கூடாதென்று அன்றும் நான் ஏறிக்கொண்டேன். சிந்தாமணி முன்சீட்டில் வீரலட்சுமிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, முதல் கல்லிலிருந்து முப்பத்தேழாம் கல் வரைக்கும், புருஷனை, அவன் குடித்த நாட்களை, மாமியார் பூட்டிவைத்த அலமாரியை, தான் கேட்டும் வாங்கித்தராத ஒரு பச்சைச் சேலையை, ஐந்து வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த அத்தனையையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள், பின்னால் நின்றுகொண்டு வந்த ரத்தினவேல் கேபின் கண்ணாடிக்குக் கீழே குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் அவளை இறக்கினோம், பெண் குழந்தை பிறந்தது. பிறகு வண்டியைக் கோட்டில் நிறுத்தி மூடியைத் திறந்தோம். டீசல் என் விரலின் முதல் கணுவில் நின்றது. மூன்று தடவை குலுக்கியும் குழாயிலிருந்து ஒரு சொட்டு ஏறவில்லை. மேலே ஏறும்போது குடித்ததைக்கூட வண்டி திருப்பிக் கொடுத்திருந்தது. நோட்டில் அந்த வரிசையில் வகுக்க எண் இல்லாததால் ‘ஏறவில்லை’ என்று எழுதினேன். ஆரோக்கியம் குழாயை மாட்டிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

ஊர் அதை அன்றைக்கே ஏற்றுக்கொண்டது. புது உயிரைச் சுமந்த வண்டிக்கு டீசல் எதற்கு என்றார்கள். அடுத்த வாரம், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு பெண்ணையும் அவளுடைய தையல் மிஷினையும் மறுபடி புருஷன் வீட்டுக்கே இறக்கிக்கொண்டு போனோம், அவள் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, இருபது கிலோ மிஷின் அது, வண்டி பதினெட்டரை லிட்டர் குடித்தது, லிட்டருக்கு நான்கு. ஒருத்தன் தன் தாயை அண்ணன் வீட்டில் விட்டுவர ஏற்றினான், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள், லிட்டருக்கு ஐந்து. அப்போது ஊருக்கு விளங்கிவிட்டது. இந்த வண்டி எடையைப் பார்த்துக் குடிப்பதில்லை, மனசைப் பார்த்துக் குடிக்கிறது, மனசோடு அனுப்பும் பாரம் லேசு, மனசில்லாத பாரம் கனம் என்றார்கள். வாழைத்தாருக்கு மனசு கிடையாது, அதனால் அதற்கு எப்போதும் பதினொன்று புள்ளி இரண்டு.

அதற்குப் பிறகு எங்கள் மலையில் எது நடந்தாலும் வீரலட்சுமியின் வண்டியில் நடந்தது. நிலம் விற்பவர் மண் ஒரு கூடை ஏற்றி, தானும் ஏறி, பங்க் வரை போய்வந்தார், வாங்குகிறவர் கோட்டருகே நின்று எண் கேட்டார். கோயிலுக்கு மணி செய்து கொடுத்தவரின் பக்தி லிட்டருக்கு ஆறரை என்று தெரிந்ததில் அவர் ஒரு மாதம் வெளியே வரவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நின்ற இரண்டு பேரும் சொல்லிவைத்ததுபோல் அந்த மாதம் பஸ்ஸில் போனார்கள். வண்டியை இரும்புக்குப் போடச் சொன்ன ரத்தினவேல்தான் இப்போது பங்கில் சாக்பீஸோடு நின்று, நான் மெதுவாகச் சொல்லும் எண்ணை ஊருக்குக் கேட்கக் கத்திச் சொல்கிறவன். கூட்டத்தில் பேச எனக்கு வராது, அவன் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நோட்டில் ஒரு வரிசை மட்டும் எனக்கு இடித்தது. சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு கிரைண்டருக்காக முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை காதில் கேட்க முடியாதபடி சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், மனசில்லாத பாரம் என்றால் அதைவிட மனசில்லாத பாரம் கிடையாது, ஆனால் வண்டி மூன்று லிட்டர் எழுநூறுதான் குடித்தது, லிட்டருக்கு இருபது. ஊர் அதைப் பேசாமல் விட்டுவிட்டது. நான் அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

எனக்கு ஒரே மகள், பவளக்கொடி, எங்கள் ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்த்தாள். அவள் அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுவோம், எண்ணியிருக்கிறேன், சண்டை கிடையாது, அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒட்டன்சத்திரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தவசிமுத்து அவளைக் கேட்டு ஆள் அனுப்பியபோது அவளிடம் சொன்னேன், அவள் சரி என்றாள், நான் தலையாட்டினேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் சீர் சாமான் இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம், பெண் அதோடு போகக் கூடாது என்பதும் வழக்கம். கட்டில், பீரோ, அவள் அம்மாவின் பித்தளை அண்டா இரண்டு, ஏழு குடம், எல்லாவற்றையும் பவளமே துடைத்துத் தன் கையால் ஏற்றிவிட்டாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பங்கில் தவசியின் அம்மா மரகதம் கோட்டருகே காத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் குழாயை வைத்தார். அது நிற்கவே இல்லை. பத்தில் நிற்கும் என்று பார்த்தேன், பதினைந்தில் நிற்கும் என்று பார்த்தேன், மூன்று தடவை குலுக்கி விரல் நனைந்தபோது இருபது லிட்டர். மூன்று புள்ளி ஏழு. நோட்டு தொடங்கிய நாளிலிருந்து அதைவிடக் கீழே எதுவும் இல்லை. மரகதம் என்னைப் பார்த்தார். பத்து, பன்னிரண்டு என்று எதையாவது சொல்லியிருக்கலாம், சொன்னால் நம்பியிருப்பார். என் வாய்க்கு அது தெரியாது. எண்ணைச் சொன்னேன். ரத்தினவேல் அன்று கத்தவில்லை, சாக்பீஸைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மரகதம் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. சாமானை இறக்க வேண்டாம் என்றார். “என்னையும் இப்படித்தாண்ணே அனுப்புனாங்க. மனசில்லாம வந்து பதினோரு வருஷம் அந்த வீட்டுல வாயத் திறக்காம இருந்தேன். இன்னொரு பொண்ணுக்கு அத நான் செய்யமாட்டேன்.” தவசி தலைகுனிந்து நின்றான். சீர் அப்படியே மேலே திரும்பியது.

பவளம் வாசலில் நின்று சாமான் திரும்பி வருவதைப் பார்த்தாள். யார் என்ன சொன்னார்கள் என்பதை வீரலட்சுமிதான் அவளுக்குச் சொன்னாள். குடங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்து நோட்டை இழுத்துப் பார்த்தாள்.

“எனக்குத் தவசியப் புடிச்சிருக்குப்பா. நான் அந்த வண்டில ஏறவே இல்ல. அண்டாவுக்கு ஏது மனசு? வண்டில உக்காந்திருந்தது யாரு?”

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அத்தனை மாதமும் ஒவ்வொரு பயணத்திலும் என் எடை ஐம்பத்திரண்டு கிலோவைக் கழித்துத்தான் பாரம் எழுதியிருக்கிறேன். எடையைக் கழித்தேன், என்னைக் கழிக்கவில்லை. மற்றவர்கள் பாரத்தோடு ஏறிய நாட்களில் நான் எண்ணைத் தவிர எதையும் நினைக்காதவன், அதனால் தப்பித்தேன். அன்று முப்பத்தேழு கல் தூரமும் நான் எதை நினைத்துக்கொண்டு வந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் வாழை வண்டியில் இறங்கி மரகதத்தின் வீட்டுக்கு நடந்தேன். அந்த வாசலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணவில்லை, எண்ணியிருந்தால் திரும்பியிருப்பேன். என் கணக்கில் பிழை இல்லை, ஆளில்தான் பிழை, கனத்தது என் மகள் இல்லை, நான் என்றேன்.  வார்த்தையில் என்ன இருக்கிறது, மறுபடி அளந்துவிடலாம் என்றார் மரகதம். நான் இல்லாமல் வண்டியை அனுப்புகிறேன் என்றேன். “நீங்க எண்ணாத கணக்க நான் எப்படிண்ணே நம்புறது? நீங்களும் வாங்க, பொண்ணும் வரட்டும். வழக்கத்தப் பத்தி நான் பாத்துக்கிறேன்.” திருட்டுப்போன வீட்டில் திருடனையே காவல் வைப்பதுபோல் இருந்தது எனக்கு.

மறுபடி அளக்க நான்கு நாள் அவகாசம் இருந்தது. நான்கு நாளும் மனசைச் சரியாக்கப் பார்த்தேன். தவசி நல்ல பையன், வீடு பக்கம், முப்பத்தேழு கல்தான், பஸ் மூன்று தடவை வருகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உள்ளே ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குச் சீர் மறுபடி ஏறியது. பவளம் நடுவில், நான் ஜன்னலோரம். முந்தின நாள் கீழே விரல் நனைய நிரப்பி மேலே வந்த வண்டி. மூன்றாம் கல் தாண்டும் முன்பே தெரிந்துவிட்டது. பாதை இறங்குகிறது, வண்டி ஏறுகிறது. இறக்கத்தில் முனகியது, கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் திணறிக் கறும்புகை விட்டது, வீரலட்சுமி இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதை அன்றுதான் பார்த்தேன். கீழிருந்து வந்த பால்வண்டிக்காரர், என்ன தாயி, மலையையே ஏத்திட்டு வர்றியா என்று கேட்டுவிட்டுப் போனார். யாரும் பதில் சொல்லவில்லை. பவளம் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மடியில் அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நான் கல்லை எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாம் கல்லில், இறக்கத்தில், வண்டி நின்றுவிட்டது.

வீரலட்சுமி சாவியைத் திருப்பினாள். இரண்டாம் தடவை திருப்பினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த அமைதியில், கிரைண்டருக்குச் சண்டை போட்ட அண்ணன் தம்பியும், முப்பத்தேழு கல்லும் புருஷனைத் திட்டிய சிந்தாமணியும் ஏனோ என் காதுக்குள் ஒன்றாகக் கத்தினார்கள். மிஷினைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்த பெண் நினைவுக்கு வந்தாள். தாயும் மகனும் பார்த்த இரண்டு பக்கத்து ரோடு நினைவுக்கு வந்தது. ஊரும் நானும் இத்தனை நாளாக எதை அளந்தோம் என்பது அந்த இடத்தில் எனக்கு விளங்கிற்று.

“நீ போறது எனக்குப் புடிக்கல” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “தவசிய நான் குத்தம் சொல்லல. காலைல ஆறு மணிக்கு நீ ரேடியோ வைப்ப. அது கேட்டாத்தான் நான் எந்திரிப்பேன். நாளைக்கு எப்படி எந்திரிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

அவள் திரும்பவில்லை. “இத ஒருநாளும் சொன்னதில்லையே.”

“சொல்ற மாதிரி வரல.”

“நானும் ஒண்ணு சொல்லணும்ப்பா” என்றாள். “உங்க நோட்டு எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். அம்மா செத்த அன்னைக்கும் எத்தன பேரு வந்தாங்கன்னு எழுதி வச்சிருந்தீங்க. அழாம எண்ணிட்டு இருந்திருக்கீங்க. ஒம்பது வருசமா அந்தக் கோவம் எனக்கு.”

“இருநூத்திப் பதினாலு பேரு” என்றேன். “எண்ணாம இருந்திருந்தா நான் அங்கயே விழுந்திருப்பேன், பவளம்.”

வீரலட்சுமி சாவியைத் தொட்டாளோ இல்லையோ தெரியாது, வண்டி கிளம்பியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசினோம், பேசினோம், என் வாழ்நாளில் அவ்வளவு நான் பேசியதில்லை, அவள் அம்மா பாறைக் கிணற்றில் தண்ணீர் இறைத்த விதத்தை, அண்டா வாங்கிய சந்தையை, பவளம் ஏழு வயதில் நாலாம் கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து நான் வாங்கிய வசவை, அவள் சிரித்தாள், அழுதாள், நானும் ஒருமுறை துண்டை முகத்தில் வைத்துக்கொண்டேன், வண்டி காற்றில் உதிரும் இலையைப்போல் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கல்லை மறந்துவிட்டேன் என்பது, “முப்பத்தொண்ணு, மாமா” என்று வீரலட்சுமி சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கோட்டில் முன்சக்கரம் வந்து நின்றது. மரகதம் இருந்தார், தவசி இருந்தான், பாதி ஊர் இருந்தது. ஆரோக்கியம் குழாயை வைத்தார். தானே அடைத்துக்கொண்டது. ரத்தினவேல் பின்பக்கத்தைப் பிடித்து மூன்று தடவை குலுக்கினான், தவசியும் கூடப் பிடித்துக் குலுக்கினான், நுரை அடங்கிற்று. விரலை விட்டேன். கணு நனைந்தது. மீட்டரைப் பார்த்தேன்.

ஆறு லிட்டர் அறுநூறு.

பத்தொன்பது கல்லில் குடித்ததை மீதிப் பதினெட்டில் திருப்பித் தந்திருக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ‘ஏறவில்லை’ என்று வரும் என எதிர்பார்த்து மாலைகூட வாங்கி வந்திருந்தார்கள். நான் மரகதத்திடம் போய் எண்ணைச் சொன்னேன், சொல்லிவிட்டு, பத்தொன்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் கல்லை நான் பார்க்கவில்லை, அதையும் சேர்த்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்றேன்.

“கல்லு எங்கயும் போயிராதுண்ணே” என்றார் அவர். “ஆறு அறுநூறுன்னா வாழைத்தார் கணக்குதான?”

“ஆமாம்.”

“எங்க வீட்டுக்கு அது போதும். தினம் வாழணும்ல.” திரும்பி மகனிடம், சாமானை இறக்குடா என்றார்.

கல்யாணம் அதற்கு ஆறாம் நாள் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் விருந்து முடிந்து, பவளத்தை அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு, வீரலட்சுமியின் வண்டியில் மேலே ஏறினேன். அண்ணன் தம்பி வரிசையின் கேள்விக்குறியை வழியிலேயே அடித்துவிட்டேன். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் பாரம் எதுவும் இல்லை. முப்பத்தைந்தாம் கல், முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று. முப்பதாம் கல்லில் வண்டி முனக ஆரம்பித்தது. இருபத்தெட்டில் கறும்புகை விட்டது. வீரலட்சுமி கியரை மாற்றினாள், கண்ணாடியில் புகையைப் பார்த்தாள், பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“டீசல் குடிக்குது, மாமா. ஏதாச்சும் பேசுங்க.”